பதித்த பல்லுக்குப் பொறுப்பு யார்?

தமிழ்நாட்டின் எந்த ஊர்ச் சந்திப்பில் நின்றாலும் இப்போது ஒரு பல் மருத்துவமனைப் பலகை கண்ணில் படுகிறது. சிவகாசியும் அதற்கு விலக்கில்லை. போன பற்களுக்குப் பதிலாக நிரந்தரப் பல், கழற்றி மாட்டும் தொல்லை இல்லை, மாதத் தவணை உண்டு என்பதே அந்தப் பலகைகளின் சேதி. பாதி உண்மை. தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன்மேல் வரிசையாகப் பற்களைக் கட்டும் இம்ப்ளான்ட் பிரிட்ஜ், கடந்த அரை நூற்றாண்டில் பல் மருத்துவம் கண்ட பெரிய முன்னேற்றங்களில் ஒன்று. காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற பொருளாக அது விற்கப்படுவதுதான் கோளாறு. பதித்த நாளிலிருந்து பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு யாராவது ஒருவர் அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வாரக் கூலியில் வாழ்கிற ஊரில் அந்தக் கவனிப்பைச் சந்தை தராது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம், அதாவது இ.எஸ்.ஐ., அந்தப் பொறுப்பை எடுக்க வேண்டும். மருத்துவருக்குப் பணம் கொடுக்கும் முறையை மாற்றிக்கொண்டு எடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

சிகிச்சை என்னவென்று முதலில் தெளிவாகிவிடுவது நல்லது. கீழ்த்தாடையின் ஒரு பக்கத்தில் கடைவாய்ப் பற்கள் மூன்று அடுத்தடுத்துப் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். பழைய முறைப் பிரிட்ஜ் கட்ட இரண்டு பக்கமும் தாங்கு பல் வேண்டும். அந்த நல்ல பற்களைச் சுற்றிலும் ராவி, கேப் மாட்டி, இடையில் செயற்கைப் பற்களை நிறுத்துவார்கள். கடைசிப் பல்லே போய்விட்டால் பின்பக்கம் தாங்க எதுவும் இல்லை. அந்த முறைக்கு வழியில்லை. மிஞ்சுவது மூன்று: கழற்றி மாட்டும் பல் செட், இம்ப்ளான்ட்மேல் கட்டும் பிரிட்ஜ், அல்லது அப்படியே விட்டுவிடுவது. மூன்றாவதைக் கேட்டுச் சிலர் புருவம் உயர்த்தலாம். அதற்கும் மருத்துவ நியாயம் உண்டு, பின்னால் சொல்கிறேன். இம்ப்ளான்ட் பிரிட்ஜில் மூன்று பல்லுக்கு மூன்று திருகு வேண்டியதில்லை, பெரும்பாலும் இரண்டு போதும். எலும்பின் உயரமும் அகலமும் போதுமா, கீழ்த்தாடை நரம்பு எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்று ஸ்கேனில் பார்த்துத் திருகைப் பதிப்பார்கள். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளக் கீழ்த்தாடையில் வழக்கமாக மூன்று மாதம், மேல்தாடையில் அதைவிடக் கூடுதலாகக் காத்திருந்து, பிறகு அளவெடுத்து, லேபில் பல் செய்து மாட்டுவார்கள். எலும்பு தேய்ந்து போயிருந்தால் எலும்புத் தூள் வைத்து நிரப்ப வேண்டும். பல் பிடுங்கிய இடத்து எலும்பு முதல் ஆண்டிலேயே வேகமாகக் கரைவதால், தள்ளிப்போடத் தள்ளிப்போட இந்தச் செலவு ஏறும்.

இந்தச் சிகிச்சையை உலகம் எப்படி நம்பத் தொடங்கியது என்பதிலேயே என் வாதத்தின் வேர் இருக்கிறது. 1952-இல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தை ஆராயப் பொருத்திய டைட்டானியம் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றபோது அது எலும்போடு ஒட்டிப்போயிருந்தது. 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் கீழ்த்தாடையில் டைட்டானியம் திருகுகளைப் பதித்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடு கொண்டிருந்த அந்த நோயாளி 2006-இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அந்தத் திருகுகளோடு சாப்பிட்டார். அதற்குப் பிறகும் மருத்துவ உலகம் உடனே கைதட்டிவிடவில்லை. 371 நோயாளிகளின் 410 தாடைகளில் பதித்த 2,768 திருகுகளை, 1965 முதல் 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த அறிக்கையை யோத்தபோரி நகரில் இயங்கிய அவருடைய குழு 1981-இல் வெளியிட்டது. மறு ஆண்டு டொராண்டோவில் நடந்த மாநாட்டில்தான் வட அமெரிக்கப் பல் மருத்துவம் இந்த முறையை ஏற்றுக்கொண்டது. அந்த அறிக்கையில் பாதி சாதனை திருகினுடையது. மீதிப் பாதி, அதே நோயாளிகளை ஆண்டுதோறும் அழைத்து வாயைத் திறந்து பார்த்த ஏற்பாட்டினுடையது. அந்த ஸ்வீடனில் 1974 முதலே பல் சிகிச்சை பொதுக் காப்பீட்டுக்குள் வந்துவிட்டது. நாம் திருகை மட்டும் இறக்குமதி செய்தோம், ஏற்பாட்டை அங்கேயே விட்டுவிட்டோம்.

விட்டதன் விலை என்ன என்று எண்கள் சொல்கின்றன. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007-இல் பியெட்டுர்சன், லாங் முதலியோர் வெளியிட்ட மதிப்பாய்வு ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. சாதாரணமாகப் பல்மேல் கட்டிய பிரிட்ஜுகளில் பத்தாண்டுக்குப் பிறகு வாயில் நிலைத்திருந்தவை ஏறத்தாழ 89 விழுக்காடு. இம்ப்ளான்ட்மேல் கட்டியவை ஏறத்தாழ 87 விழுக்காடு. ஆயுளில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் முதல் ஐந்து ஆண்டுக்குள் ஏதாவது ஒரு சிக்கலைச் சந்தித்தவர்கள் சாதாரண பிரிட்ஜில் நூற்றுக்குச் சுமார் 16 பேர், இம்ப்ளான்ட் பிரிட்ஜில் நூற்றுக்குச் சுமார் 39 பேர். பீங்கான் பூச்சு உடைவது, திருகு தளர்வது, திருகுத் துளையை மூடிய அடைப்பு விழுவது, ஈறு வீங்குவது என்று பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய சிக்கல்கள்தான். சரிசெய்ய ஆள் வேண்டும் என்பதே விஷயம். இன்னொரு மதிப்பாய்வு, 2015-இல் வந்தது, இம்ப்ளான்டைச் சுற்றியுள்ள எலும்பைச் சீழ் அரிக்கும் நோய் ஐந்தில் ஒருவருக்கு மேல் வருவதாகக் கணக்கிட்டது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே உணர்வுள்ள நார் இருக்கிறது. பதித்த திருகுக்கு அது கிடையாது. ஆகவே வலி வந்து எச்சரிப்பதற்குள் எலும்பு பாதி போயிருக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது எக்ஸ்ரே எடுத்து, ஈறின் ஆழத்தை அளந்து, பல்லைச் சுத்தம் செய்தால்தான் முன்கூட்டியே பிடிக்க முடியும். விருதுநகர் மாவட்டத்து விவசாயிக்குப் புரியும்படி சொன்னால், இது போர் போட்டு இறக்கிய மோட்டார் மாதிரி: மண்ணுக்குள் போய்விட்டது என்பதால் மறந்துவிட முடியாது, மறந்தவருக்கு ஒருநாள் தண்ணீர் நிற்கும்போதுதான் தெரியும்.

சிவகாசி வட்டாரத்துத் தொழிலாளி ஒருவரின் வாய், ஆய்வுகளில் வரும் ஸ்வீடன் நோயாளியின் வாயல்ல. இம்ப்ளான்டுக்கு முதல் எதிரி கட்டுப்படாத சர்க்கரை. ஐ.சி.எம்.ஆர்.–இன்டியாப் ஆய்வு 2023-இல் இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு என்பது அதன் கணக்கு. சர்க்கரை உள்ளவருக்கு இம்ப்ளான்டே கூடாது என்பதில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவருக்கு நன்றாகவே பிடிக்கிறது. கட்டுக்குள் இருக்கிறதா என்று அறுவைக்கு முந்தின நாள் ஒரு முறை பார்ப்பது போதாது, அடுத்த பத்தாண்டும் பார்க்க வேண்டும். இரண்டாவது எதிரி புகையிலை. பட்டாசு ஆலைக்குள் பீடிக்கு இடமில்லை, தீப்பொறியே கூடாத இடம் அது. ஆனால் வாயில் அடக்கும் புகையிலையில் பொறி பறக்காது. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013-லிருந்து தமிழ்நாட்டில் தடை இருந்தும், தடை என்பது பெட்டிக்கடையில் எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். இதையெல்லாம் முதல் நாளே கேட்டு, பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு எந்த ஊக்கமும் இல்லை என்பதே என் குறை; திருகைப் பதித்தால் பணம், பதிக்க வேண்டாம் என்று அனுப்பினால் ஒன்றுமில்லை.

பல் போவது ஒருவரின் சொந்த அலட்சியம், அதைப் பொதுப் பிரச்சினை ஆக்குவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. தீப்பெட்டி ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பது விந்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தீக்குச்சி ஆலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் புகையைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பே அழுகியது. சொத்தைப் பல் வழியாக நஞ்சு எலும்புக்குள் இறங்குகிறது என்று நம்பப்பட்டதால் ஆலைத் தொழிலாளரின் பற்களைப் பரிசோதிக்கும் விதிகள்கூட இங்கிலாந்தில் வந்தன. 1888-இல் லண்டன் பிரயன்ட் அண்ட் மே ஆலையின் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்த நோயும் பேசப்பட்டது. பற்களைச் சொத்தையில்லாமல் வைத்துக்கொள்ளும்படி தொழிலாளிக்கு அறிவுரை சொன்னதால் அந்தக் கொடுமை தீரவில்லை. 1906-இல் பெர்ன் நகரில் கையெழுத்தான பன்னாட்டு ஒப்பந்தம் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தது. இந்தியாவிலும் 1913-இல் சட்டம் வந்தது. அதற்குப் பின், 1920-களின் தொடக்கத்தில்தான், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் பூசும் பாதுகாப்பான முறை அதற்குள் நிலைபெற்றிருந்தது. நம் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை பார்த்த பெண்களின் தாடைகள் தப்பியதற்குத் தொலைவில் எங்கோ கையெழுத்தான ஒரு காகிதம் காரணம். தாடை நோய் ஒன்று பொதுச் சட்டத்தால் தீர்ந்ததற்கு இதைவிடத் துல்லியமான சான்று வேண்டியதில்லை.

அந்தப் பழைய நோயின் நிழல் இன்றைய இம்ப்ளான்ட் நாற்காலி வரை நீள்கிறது. எலும்புத் தேய்மானத்துக்கும் எலும்பில் பரவிய புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் பிஸ்பாஸ்போனேட் என்னும் மருந்து வகை, பாஸ்பரஸ் சேர்மங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. அவற்றைப் பெற்றவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு செத்துப்போவதை 2003-இல் அமெரிக்க வாய் அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். எலும்புத் தேய்மானத்துக்காக மட்டும் எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசி போட்டவர்களுக்குக் கூடுதல். ஆனாலும் ஆண்டுக்கு ஒரு முறை எலும்புக்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஐம்பத்தைந்து வயதுப் பெண், பல் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று அறிந்திருப்பாரா? மூட்டு வலிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைப்பார். இரண்டு மருத்துவமும் ஒரே கூரையின் கீழ், ஒரே நோட்டில் பதிவானால் அவர் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

சட்டம் பல்லை அற்பமாக நினைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவும், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவும் எலும்போ பல்லோ முறிவதையும் இடம்பெயர்வதையும் கொடுங்காயம் என்று வகைப்படுத்துகின்றன. சண்டையில் ஒருவர் பல்லைத் தட்டினால் அது காவல் நிலையத்தில் பெரிய வழக்கு. அதே பல் ஈறு நோயில் விழுந்தால் சுகாதாரத் துறைக்கு அது ஒரு வழக்கே இல்லை.

இப்போது பணத்துக்கு வருவோம். இரண்டு இம்ப்ளான்டில் மூன்று பல் கட்டத் தனியார் கிளினிக்கில் 70,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம். திருகின் நிறுவனத்தையும் பல்லின் பொருளையும் பொறுத்துக் கூடும், குறையும். நாள் கூலி 600 ரூபாய் என்றால் அது சுமார் 117 நாள் உழைப்பு, மாதம் 26 நாள் வேலை கிடைத்தால் நாலரை மாதக் கூலி. மழைக்காலத்தில் வேலை குறைவதையும், தீபாவளிக்குப் பிறகு ஆலை மூடிக் கிடக்கும் வாரங்களையும் சேர்த்தால் கணக்கு இன்னும் கசக்கும். கடன் வாங்கியோ தவணையிலோ கட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள், நம் மக்கள் பிள்ளையின் கல்யாணத்துக்கு முன் வாயைச் சீர்செய்துகொள்ளத் தயங்குவதில்லை. சறுக்குவது அதற்குப் பிறகுதான். ஆண்டுப் பரிசோதனைக்குப் போனால் கட்டணம் ஒரு பக்கம், ஒரு நாள் கூலி இன்னொரு பக்கம். வலியில்லாத வாயைக் காட்ட யார் அறுநூறு ரூபாயை இழப்பார்? மருத்துவருக்கும் முழுப் பணமும் முன்பே வந்துவிட்டது. எனவே இரண்டு பக்கமும் நல்லவர்களாக இருந்தும் பின்தொடர்தல் நடப்பதில்லை. ஐந்தாவது ஆண்டில் திருகு ஆடும்போது நோயாளி திரும்பி வருகிறார். சில சமயம் கிளினிக் வேறு கைக்கு மாறியிருக்கும், பதித்தது எந்த நிறுவனத் திருகு என்று யாருக்கும் தெரியாது, அதைக் கழற்றப் பொருத்தமான சாவி கிடைக்காது.

இ.எஸ்.ஐ. பொருத்தமான அமைப்பு என்று நான் சொல்வதற்குக் காரணம் தர்ம சிந்தனையன்று, கணக்கு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் அதன் வரம்புக்குள் வருகிறார்கள். 2019 ஜூலை முதல் தொழிலாளி 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் கட்டுகிறார்கள். மேலே சொன்ன தொழிலாளியின் மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்றால் அவர் பெயரில் மாதம் 624 ரூபாய் போகிறது, ஆண்டுக்கு ஏறத்தாழ 7,500. அந்தப் பணத்தில்தான் குடும்பத்தின் மருந்து, பிரசவம், நோய்க்காலப் பணப் பயன் எல்லாம் என்பதை மறக்கவில்லை. முழுவதும் பல்லுக்கே என்று யாரும் கேட்கவில்லை. இருபது ஆண்டு கட்டியவருக்கு ஒரு முறை பல் கட்டித் தருவது அந்தக் கணக்கில் அடங்கக்கூடியது என்பதே என் பேச்சு. அதைவிட முக்கியம் தொடர்ச்சி. ஆலை மாறினாலும் தொழிலாளியின் காப்பீட்டு எண் மாறுவதில்லை. ஐந்து ஆண்டாவது காப்பீட்டில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, தனக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம் என்ற விதியும் இருக்கிறது; இப்படி ஒன்று இருப்பதே சிவகாசியில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். ஒரு வாயை முப்பது ஆண்டு பின்தொடரக்கூடிய அமைப்பு இந்த ஊரில் வேறு எது?

ஆனால் பழைய பாணியில், பதித்ததும் முழுத் தொகையைக் கொடுத்துவிடும் திட்டமாக இது வந்தால் நான் எதிர்ப்பேன். திருகின் எண்ணிக்கைக்குப் பணம் என்றால் இரண்டு போதும் இடத்தில் நான்கு பதியும். நிர்ணயித்த தொகையில் ஏறத்தாழ பாதியைப் பல் மாட்டி முடித்ததும் கொடுங்கள். மீதியை ஐந்து ஆண்டுக்குப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் எக்ஸ்ரேயும் ஈறு அளவும் பதிவான பிறகு கொடுங்கள். நோயாளி பரிசோதனைக்கு வரவில்லை என்றால் மருத்துவமனையே தேடிப் போய்க் கூப்பிடும், ஏனென்றால் அவர் வராவிட்டால் பணமும் வராது. ஆலைகளுக்கு வார விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பரிசோதனையை வைத்தால் கூலி போகாது. திருகின் பெட்டியில் வரும் ஒட்டுச்சீட்டை, அதாவது நிறுவனம், அளவு, தயாரிப்புத் தொகுதி எண் எல்லாம் அச்சாகியிருக்கும் சீட்டை, நோயாளியின் நோட்டில் ஒட்டித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. அச்சுத் தொழிலில் பெயர்பெற்ற ஊருக்கு ஒரு நோட்டு அடிப்பதா பெரிது?

தீக்காயத்தில் உயிர் போகிற வட்டாரத்தில் பல்லுக்குச் செலவா என்பது மிகக் கடினமான ஆட்சேபம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. தீக்காயப் பிரிவுக்கு வேண்டிய படுக்கையும் செவிலியரும் முதலில் கிடைத்தாக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பல்லுக்குக் கொடுக்காமல் நிறுத்திய பணம் தானாகத் தீக்காயப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்ததாக வரலாறு இல்லை. இரண்டும் வேறு வேறு வரவு செலவுகள். மென்று தின்ன முடியாதவர் கடலை, முறுக்கு, கீரைத் தண்டு, பழம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுச் சோற்றையும் ரசத்தையும் விழுங்கப் பழகுகிறார். சர்க்கரை நோயாளிக்கு மருத்துவர் சொல்லும் உணவுக்கு நேர் எதிரான தட்டு அது. பல்லில் மிச்சம் பிடித்ததை மாத்திரையில் செலவழிக்கிறோம்.

கழற்றி மாட்டும் பல் செட் போதாதா என்று கேட்டால், பலருக்குப் போதும். இங்கேதான் இந்தச் சிகிச்சையை விற்பவர்களோடு எனக்குப் பிணக்கு. நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்ன்ட் கைசர் 1981-இலேயே ஒன்றைக் காட்டினார்: முன் பற்களும் அவற்றையடுத்த சிறு கடைவாய்ப் பற்களும் எதிரெதிராக நல்ல நிலையில் இருந்தால், பின் கடைவாய்ப் பற்கள் இல்லாமலே பெரும்பாலோர் வசதியாகச் சாப்பிட முடிகிறது. உலக சுகாதார நிறுவனமும் 1992-இல் இருபது இயற்கைப் பற்கள் வாழ்நாள் முழுதும் இருப்பதை இலக்காக ஏற்றது. ஆக, மூன்று பல் போன ஒவ்வொருவருக்கும் மூன்று பல் கட்டியாக வேண்டும் என்பதில்லை. ஒன்றும் செய்யாமல் மீதிப் பற்களைக் காப்பதே சிலருக்கு நல்ல சிகிச்சை. முழுக்கப் பல் போன கீழ்த்தாடைக்கும் விலையுயர்ந்த முழு பிரிட்ஜ்தான் வழி என்பதில்லை. 2002-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், இரண்டே இரண்டு இம்ப்ளான்டில் பொத்தான்போல் மாட்டிக்கொள்ளும் செட்டை முதல் தேர்வாக முன்வைத்தார்கள். வழுக்கி ஓடும் கீழ்ச் செட்டை இரண்டு திருகு பிடித்து நிறுத்திவிடுகிறது. பொதுப் பணத்தில் நடக்கும் திட்டம் இந்த வரிசையில் போக வேண்டும்: முதலில் ஈறைச் சீராக்கு, தேவை இருக்கிறதா என்று பார், செட் போதுமென்றால் நல்ல செட் கொடு, அது தாங்காத இடத்தில் மட்டும் இம்ப்ளான்ட். ‘நிரந்தரப் பல்’ பலகை வைத்திருப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

வருமுன் காப்பதை விட்டு வந்தபின் கட்டுவதைப் பேசுகிறேன் என்று இன்னொரு குரல் எழும். ஜப்பானைப் பாருங்கள். எண்பது வயதில் இருபது பல் என்ற இயக்கத்தை 1989-இல் தொடங்கியபோது அந்த வயதில் இருபது பல் வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2016-இல் பாதிப் பேருக்கு மேல் அந்த இலக்கை எட்டியிருந்தார்கள். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. இன்று ஐம்பது வயதில் ஆறு பல் போனவரிடம் உங்கள் பேரனுக்கு நல்ல பல் இருக்கும் என்று சொல்லி அனுப்ப முடியாது. தவிர, நான் கேட்கிற ஆண்டுப் பரிசோதனைதான் தடுப்பு மருத்துவமும். இம்ப்ளான்டைப் பார்க்க வருபவரின் மற்ற இருபது பல்லையும் அதே நாற்காலியில் பார்த்துவிடலாம். 2021 ஆகஸ்ட் முதல் தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடு தேடிப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. வாயைத் திறக்கச் சொல்லி ஈறில் ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா என்று இரண்டு கேள்வி கேட்க அதே பணியாளருக்கு நிமிட நேரம் போதும்.

செய்ய ஆள் இருக்கிறார்களா என்பதும் கேட்கத்தக்கது. சென்னையில் 1953-இலிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கடலூரில் ஒன்று, புதுக்கோட்டையில் ஒன்று. தென்கோடிக்கு இவை எதுவும் பக்கமில்லை. மதுரையில் இருப்பவை தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள். ஆனால் இ.எஸ்.ஐ. கழகம் டெல்லி ரோகிணியிலும் கர்நாடகத்தின் கலபுரகியிலும் சொந்தமாகப் பல் மருத்துவக் கல்லூரிகள் நடத்துகிறது. அந்தத் துறை அதற்கு அந்நியமில்லை. சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு, விருதுநகரில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. பரிசோதனை, ஈறு சிகிச்சை, செட், ஆண்டுக் கவனிப்பு எல்லாம் சிவகாசியிலேயே நடக்கலாம். பதிக்கும் அறுவையை மட்டும் ஒப்பந்தத்தில் சேரும் உள்ளூர்ப் பல் மருத்துவர்களிடமோ மதுரைக் கல்லூரிகளிடமோ கொடுக்கலாம். திறமையான இளம் பல் மருத்துவர்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. நோயாளி வராமல் நாற்காலி காலியாகக் கிடப்பவர்களே அதிகம். ஐந்து ஆண்டுக்குப் பிரித்து வரும் பணம் அவர்களுக்குத் தவணைக் கடன் நிறுவனத்தின் கமிஷன் பிடிப்பு இல்லாத உறுதியான வருமானம்.

இவ்வளவு சொல்லியும் இ.எஸ்.ஐ. பதிவேட்டில் பெயரே இல்லாதவர்கள் மிஞ்சுகிறார்கள்: உள்குத்தகைக்கு விட்ட ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள், வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுபவர்கள், திரி முறுக்குபவர்கள். அவர்களுக்கு இம்ப்ளான்ட் பிரிட்ஜ் வாக்களிப்பது இன்றைய நிலையில் ஏமாற்று. அவர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் முதல் வேலை, அது தொழிலாளர் துறையின் வேலை. ஆனால் நல்ல பல் செட் ஒன்று கிடைக்கச் செய்ய அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கேரளம் ‘மந்தஹாசம்’ என்ற திட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள அறுபது வயது தாண்டியவர்களுக்கு இலவசமாகப் பல் செட் தருகிறது. நம் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள் கண் கண்ணாடி வாங்க உதவித்தொகை கொடுக்கின்றன; அந்தப் பட்டியலில் கண்ணாடிக்கு அடுத்த வரியாகப் பல் செட்டைச் சேர்க்க ஓர் அரசாணை போதும். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் நல வாரியத்திலிருந்து அதைத் தொடங்கலாம்.